திப்பி

ஆத்தூர் ரோட்டோரம் செங்கோடன் சேகோ ஆலை.
கிழங்கிலிருந்து மாவு இறங்கிப் போன பிறகு
மிஞ்சிய சக்கை களத்தில் காய்கிறது.
அதன் புளித்த வாடை
ஓடுகிற பஸ்ஸுக்குள்ளும் ஏறி
டிக்கெட் எடுக்காமல் உட்காரும்.

மூட்டை நூற்றைம்பது என்கிறார் மேனேஜர்.
போன மாதம் சும்மா அள்ளிக்கொள்ளச் சொன்னவர்.
மாடு தின்கிற சாமானுக்கா, என்றேன்.
மாடு ஆராய்ச்சி பண்றதில்லையே அம்மிணி, என்றார்.

கொடுத்தேன்.
மடியில் மூட்டையோடு கருப்பூர் வந்து
அமிலத்தில் ஊறவைத்து, ஏழு தண்ணீரில் அலசினேன்.
கிழங்கு மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாசியமெல்லாம்
தொட்டியில் இறங்கிப் போனது.
பக்கத்து மேசையில் ஜெசிந்தா
அதே பொட்டாசியத்தைக் காசு கொடுத்து வாங்கி
ஏற்காட்டுக் காப்பித்தொலியில் சுட்ட கரிக்குள்
ஏற்றப் பாடுபடுகிறாள்.
இரண்டு பேருக்கும் ஒரே தொட்டி.

உலையில் ஆர்கான். நிமிடத்துக்கு ஐந்து டிகிரி.
ஆயிரத்து முன்னூறு ஏற நாலே கால் மணி நேரம்.
சன்னலுக்கு வெளியே வெள்ளைக்கல் மலை,
தோண்டித் தோண்டிக் குழி விழுந்து.
அந்தக் கல்லையும் சூளையில் வைத்துச் சுட்ட ஊர்தான் இது.
ஆனாலும் இரவில் உலை முன் தனியே உட்கார்ந்தால்
ஒவ்வொரு டிகிரிக்கும் எனக்குத்தான் வேர்க்கிறது:
கரண்ட் போய்விடக் கூடாது,
போய்விடக் கூடாது.

காலையில், நூறு கிராமுக்குப் பதினெட்டு கிராம் கரி.

கிராஃபைட் ஒழுங்கான பிள்ளை.
குகைப் பட்டுக்கடையில் மடித்து அடுக்கிய வேட்டி மாதிரி
தாள்மேல் தாள்.
லித்தியம் நுழையும். சோடியம் வாசலோடு திரும்பிவிடும்.
திப்பிக் கரியோ
பிழிந்து போட்டுவிட்டுக் கொடியில் விரிக்க மறந்த துணி.
எத்தனை சூடு வைத்தாலும் வரிசைக்கு வராது.
அதன் கசங்கலுக்குள் சந்துகள், சந்துக்குள் அறைகள்.
ஒரு தலைமயிரின் அகலத்தை எண்பதாயிரம் பங்கு வைத்து
ஒன்றை எடுத்தால் அவ்வளவே ஓர் அறை.
உப்பில் பிறந்த சோடியம் அங்கே போய்
தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்துகொள்கிறது.

திருந்தாததற்கு இப்படி ஒரு பயன்.

முதல் சுற்று: நூறு போனது. எழுபத்தெட்டு திரும்பியது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பிட்டவள் நான்.
நினைவுக்கென்று இருபத்திரண்டை
மேல்தோலாகப் பூசி வைத்துக்கொண்டது கரி.
கேட்டாலும் தராது.
அந்தத் தோல் இல்லாவிட்டால்
அடுத்த சுற்றுகள் உருப்படாது என்பதும் உண்மை.
அறிக்கையில் அந்த வரியைத்தான்
மூன்று முறை அடித்து எழுதினேன்.

ஜெசிந்தாவின் செல் முப்பதாம் சுற்றில் இறந்தது.
பொட்டாசியம் பருத்த விருந்தாளி;
வந்து வந்து போனதில் வீடே விரிசல்.
அவள் சனிக்கிழமைதோறும் நாகலூருக்கு
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவள்.
"நானும் அயனிதான் போடி, திங்கள் ஆனா இறங்கிடறேன்."
"நீ போற இடத்தை உடைக்கிறதில்லையே."
"எங்கம்மாகிட்டக் கேட்டுப் பாரு."

ஐப்பசி மழையில் களம் நனைந்தது.
அடுத்த மூட்டையில் பூஞ்சை.
அதே அமிலம், அதே சூடு, எழுபத்தொன்று.
மறுபடியும் பஸ்.

களத்தில் காலால் திப்பியைத் துழாவிக்கொண்டிருந்த வீராயி
தார்ப்பாய்க்கு அடியிலிருந்து காய்ந்ததாகப் பார்த்து அள்ளினாள்.
என் பையில் கிடந்த ஒற்றை ரூபாய் போன்ற செல்லை
வாங்கிப் புரட்டினாள்.
"இதுல லைட் எரியுமா?"
இன்னும் இல்லைக்கா. இது பாதி செல்தான்.
எதிர்ப்பக்கத்தை வேறு யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள்.
"அப்பப் பாதி லைட்டாச்சும் எரியணுமே."

நான் பதில் தேடுவதற்குள்
தராசைப் பார்த்தாள், மேனேஜர் அறையைப் பார்த்தாள்,
கொசுறாக இன்னும் இரண்டு கை போட்டு
மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.